வேறு வைத்த விமானங்கள்: கப்பல் முதலாளிகள் மூவர்

எங்கள் ஐயா தேவகோட்டையிலிருந்து நாகப்பட்டினம் போய், ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, சென்றவர். அவருடைய கொள்ளுப்பேரன்கள் திருச்சியில் விமானம் ஏறி நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூரில் இறங்கிவிடுகிறார்கள். கப்பலின் வேலையை விமானம் பறித்துக்கொண்டதைச் செட்டிநாட்டு வீடுகள் நேரிலேயே பார்த்தன. அந்த நாள் வருமென்று கணித்த கப்பல் முதலாளிகள் சிலர் தாங்களே விமான நிறுவனம் தொடங்கினார்கள். அவற்றில் மூன்றை நம் வழக்கம் ஒன்றைக் கொண்டு அளந்து பார்க்கிறேன். மணமான மகனை ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிக் கணக்கோடு 'வேறு வைப்பது' நகரத்தார் மரபு. இந்த முதலாளிகளில் யார் விமானத்தை வேறு வைத்தார்?

மலாயன் ஏர்வேஸ் நமக்கு நெருக்கமானது. லிவர்பூலின் ஓஷன் ஸ்டீம்ஷிப், சிங்கப்பூரின் ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்டீம்ஷிப் என்ற கப்பல் கம்பெனிகளும் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் விமான நிறுவனமும் கூட்டாக 1937இல் அதைப் பதிவு செய்தன. ஸ்ட்ரெய்ட்ஸ் கம்பெனியின் சிறு கப்பல்கள் நகரத்தார் கடை வைத்திருந்த தெலுக் ஆன்சன் போன்ற துறைமுகங்களைத் தொட்டுச் சென்றவை. மலாயாவில் எந்த ஊருக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்பது அந்தக் கம்பெனிக்கு அத்துப்படி. ஆனாலும் பத்து ஆண்டுகள் ஒரு விமானமும் பறக்கவில்லை. மோட்டார் கார் வியாபாரிகளான வேர்ன் சகோதரர்கள் அதே 1937இல் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு வழியில் சேவை தொடங்கிவிட்டார்கள். பிறகு போர் வந்தது. 1947 மே மாதம்தான், ஐந்து பேர் அமரும் ஏர்ஸ்பீடு கான்சல் விமானங்களோடு வழக்கமான சேவை ஆரம்பமானது. பின்னாளில் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸும் பெரும் பங்குகளோடு உள்ளே வந்தன. 1966இல் மலேசியா, சிங்கப்பூர் அரசுகளின் கைக்குப் போனது. 1972இல் மலேசியா, சிங்கப்பூர் என்று இரண்டாகப் பிரிந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இன்றும் தன் பிறப்பை 1947இலிருந்தே எண்ணுகிறது. தொடங்கிய கப்பல்காரர்களோ ஓரத்துக்குப் போய்விட்டார்கள். பங்காளிகள் பலர் இருந்தும், இது என் தொழில் என்று முன்னால் நின்றவர் ஒருவரும் இல்லை. இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

டென்மார்க்கின் மேர்ஸ்க் ஏர் இதற்கு நேர்மாறு. 1969இல் மேர்ஸ்க் கப்பல்களின் உரிமையாளரான ஏ.பி. மோலர் குழுமம் அதைத் தொடங்கியது. முதலீடு முழுக்க ஒரே வீட்டுடையது. விமானத்தின் மேலும் கப்பலின் அதே வெளிர் நீலமும் ஏழுமுனை நட்சத்திரமும் இருந்தன. மகன் கடைசிவரை தாயின் அடுப்பிலேயே உண்டான் என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்காண்டிநேவிய நாடுகளின் எஸ்.ஏ.எஸ். விமான நிறுவனத்தோடு வழித்தடங்களைப் பங்குபோட்டுக்கொண்டதற்காக 2001இல் ஐரோப்பிய ஆணையம் இரண்டுக்கும் அபராதம் விதித்தது. மேர்ஸ்கின் பங்கு 1.3 கோடி யூரோவுக்கு மேல். 2005இல் விற்றுவிட்டார்கள்.

மூன்றாவது, தைவானின் ஈவிஏ ஏர். 1968இல் ஒரே ஒரு பழைய கப்பலோடு எவர்கிரீன் நிறுவனத்தைத் தொடங்கிய சாங் யுங்-ஃபா, 1988இல் விமான நிறுவனத்தை அறிவித்தார். 1989 அக்டோபரில் 26 விமானங்களுக்கு 360 கோடி டாலர் ஆர்டர் கொடுத்தார். ஒரு விமானம்கூடப் பறக்காத நிலையில் இது எவ்வளவு பெரிய துணிவு! முதல் விமானம் 1991 ஜூலை 1 அன்று கிளம்பியது. எவர்கிரீன் என்ற பெயரில் அமெரிக்காவில் வேறொரு விமான நிறுவனம் இருந்ததால் பெயர் ஈவிஏ என்று சுருங்கியது. வாலில் தாய்வீட்டுப் பச்சை இருந்தாலும், பங்குச் சந்தையில் தனிப் பங்குகள், தனி ஐந்தொகை (வரவு செலவு, சொத்து கடன் கணக்கு). வேறு வைப்பது என்றால் இதுதான். மூன்றில் என் வாக்கு இதற்கே.

ஆனால் அப்பச்சிக்கு, அதாவது தகப்பனுக்கு, பிறகு என்ன என்ற கேள்விக்கு இவர்களிடமும் பதில் இல்லை. சாங் 2016 ஜனவரியில் காலமானார். விமானியும் ஈவிஏ தலைவருமான இளைய மகன் சாங் குவோ-வெய்யே வாரிசு என்றது உயில். மூத்த தாரத்து மகன்கள் மார்ச் மாதமே அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவர் ஸ்டார்லக்ஸ் என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். 2020 ஜனவரியில் அது பறக்க ஆரம்பித்தது. இன்று தைவானின் தாவ்யுவான் விமான நிலையத்திலிருந்து இரண்டும் ஒரே ஊர்களுக்குப் போட்டி போட்டுப் பறக்கின்றன.