நான்கு அறை கொண்ட நைலான் மவுத்பீஸ் பை: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

ட்ரம்பெட் பெட்டிகள் பலவற்றில், உதட்டில் வைத்து ஊதும் தனித்துண்டான மவுத்பீஸைச் செருகி வைப்பதற்கென்று ஒன்றோ இரண்டோ துளைகள் இருக்கும். பெட்டி புதிதாக இருக்கும்வரை அந்தத் துளை மவுத்பீஸை இறுகப் பிடித்துக்கொள்ளும். சில ஆண்டுகளில் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் அமுங்கித் தளர்ந்துவிட்டால், பேருந்தின் முதல் குலுக்கலிலேயே மவுத்பீஸ் வெளியே வந்து, ஏறத்தாழ நூறு கிராம் எடையுள்ள பித்தளைக் கட்டியாகப் பெட்டிக்குள் உருளத் தொடங்கும். என் ட்ரம்பெட்டின் பெல்லில் (விரிந்த வாய்ப்பகுதியில்) உள்ள இரண்டு சிறு நசுங்கல்களும் கருவி கீழே விழுந்ததால் உண்டானவை அல்ல, இப்படி உருண்டதால் உண்டானவையே. அதற்குப் பிறகுதான், எட்டு மாதங்களுக்கு முன், இணையத்தில் 1,150 ரூபாய் கொடுத்து நான்கு அறைகள் கொண்ட நைலான் பை ஒன்றை வாங்கினேன். ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற இந்தப் பை பல பெயர்களில் விற்பனைக்கு வருவதால், பெயரை விட்டுவிட்டு அமைப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மவுத்பீஸில் எந்த இடம் பலவீனமானது என்பது தெரிந்தால்தான் பையின் தரத்தை மதிப்பிட முடியும். பார்ப்பதற்கு அது அசைக்க முடியாத உலோகத் துண்டாகத் தோன்றும். கிண்ணம் போன்ற கப் இருக்கும் மேற்பகுதிக்கு அது பொருந்தும். கருவிக்குள் செருகும் ஷாங்கின் நுனிக்குப் பொருந்தாது. ட்ரம்பெட் மவுத்பீஸின் நுனியில் வெளிவிட்டம் பத்து மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. உள்துளை நுனியை நோக்கி அகன்றுகொண்டே வருவதால் அங்கே எஞ்சும் சுவரின் தடிப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சிமென்ட் தரையில் ஒரு முறை நுனி குத்தி விழுந்தால் வட்டம் நீள்வட்டமாகிவிடும். பிறகு கருவியில் செருகும்போது முழுச் சுற்றும் பதியாமல் மவுத்பீஸ் மெல்ல ஆடும், காற்றும் ஒலியும் அந்த இணைப்பில் தடுமாறும். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால், கூம்பு வடிவ எஃகுத் தண்டு ஒன்றை உள்ளே செலுத்திச் சுற்றிலும் மெதுவாகத் தட்டி நேர்செய்து தருவார். ஆனால் தட்டிய இடத்தில் முலாம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

அடுத்தது ரிம், அதாவது உதட்டில் படும் விளிம்பு. மவுத்பீஸ் தயாரிக்கும் பாக் நிறுவனத்தின் அட்டவணைப்படி 3சி என்ற அளவு மவுத்பீஸின் கப் விட்டம் 16.30 மில்லிமீட்டர், 7சி-யின் விட்டம் 16.20. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ரிம்மின் வளைவும் கப்பின் ஆழமும் மாறுகின்றன என்பது உண்மையே என்றாலும், கண்ணை மூடிக்கொண்டு உதட்டில் வைத்தாலே எது எது என்று சொல்லிவிடும் பலரை நான் அறிவேன். அவ்வளவு நுட்பமாக உணரும் உதட்டுக்கு ரிம்மில் விழுந்த ஒரு கீறல் தெரியாமல் போகாது. கீறல் ஆழமானால் வெள்ளி முலாம் பெயர்ந்து பித்தளை வெளியே தெரியும். கடைசலுக்கு எளிதாக இருக்கும் பொருட்டுச் சிறிதளவு ஈயம் கலந்த பித்தளையே இத்தகைய வேலைகளுக்குப் பெரிதும் பயன்படுவதால், அதை நாள்தோறும் உதட்டில் வைத்து வாசிப்பது நல்லதல்ல. நாகசுரம் வாசிப்பவர்கள் சீவாளிகளை நூலில் கட்டிக் கருவியிலேயே தொங்கவிட்டு, குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். நாணல் உடையும் என்று எல்லோருக்கும் தெரியும்; பித்தளை உடையாது என்ற நம்பிக்கையில்தான் நம்மவர்கள் மவுத்பீஸைச் சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு போட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.

இனி பைக்கு வருகிறேன். வெளியே தடித்த நைலான், உள்ளே மென்மையான துணி, இடையில் ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச். நான்கு அறைகளுக்கும் தனித்தனித் தடுப்பு இருப்பதால் ஒரு மவுத்பீஸ் மற்றொன்றோடு உரசுவதில்லை. ஒரே பையில் இரண்டை இட்டு எடுத்துச்சென்று ரிம்மைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். என்னிடமுள்ள 3சி, 7சி, ட்ரம்பெட் போன்ற ஃப்ளூகல்ஹார்ன் கருவிக்கான ஒரு மவுத்பீஸ் ஆகிய மூன்றும் தாராளமாக அடங்குகின்றன. நான்காவது அறையில் மவுத்பீஸ் பிரஷும் வால்வு எண்ணெய்ப் புட்டியும் வைத்திருந்தேன். எண்ணெய் ஒருநாள் கசிந்து துணியில் ஊறியபின் புட்டியை எடுத்துவிட்டேன்.

குறை அடிப்பகுதியில் இருக்கிறது. இந்தப் பையில் மவுத்பீஸ் ஷாங்க் கீழாக, ரிம் மேலாக நிற்கும். அதாவது பை தரையில் விழுந்தால் முழு எடையும் அந்த மெல்லிய நுனியின் மீதுதான் இறங்கும். இவ்வளவு தெரிந்தும் செய்தவர்கள் பக்கச் சுவர்களில் வைத்த ஸ்பாஞ்சை அடியில் வைக்கவில்லை. அங்கே இருப்பது இரண்டு மடிப்புத் துணியும் தையலும் மட்டுமே. பழைய, பயனற்ற மவுத்பீஸ் ஒன்றை உள்ளே வைத்து இடுப்பு உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் மூன்று முறை போட்டுப் பார்த்தேன். பக்கவாட்டில் விழுந்த இரண்டு முறையும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நேராக அடிப்பகுதி படும்படி விழுந்தபோது நுனியில் விரலால் தடவினாலே தெரியும் அளவுக்கு ஒரு நெளிவு ஏற்பட்டது.

இதற்கு நானே ஒரு வழி செய்தேன். முதலில் செய்தது தவறான வழி. தேய்ந்த ரப்பர் செருப்பிலிருந்து நான்கு வட்டத் துண்டுகளை வெட்டி அறைகளின் அடியில் போட்டேன். மூன்று வாரங்களில் ஷாங்கின் நுனியைச் சுற்றிக் கரிய வளையம் படிந்துவிட்டது. ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள் என்பதும், வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகமே என்பதும் பள்ளியில் படித்த பாடம்தான். வெள்ளிக் கரண்டியால் முட்டை சாப்பிடக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். கம்பளி இழைகளால் ஆன ஃபெல்ட் துணியிலும் கந்தகம் உண்டு என்பதால் அதையும் தவிர்த்துவிட்டு, புதிய மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில் இருந்த வெண்ணிற நுரைத்தாளை மும்மடிப்பாக வெட்டி வைத்தேன். ஐந்து மாதங்களாகியும் கறுப்பு இல்லை. பழைய மவுத்பீஸை மீண்டும் போட்டுப் பார்த்ததில் புதிய நெளிவும் இல்லை.

இரண்டு மடங்கு விலைக்குத் தோல் பைகளும் கிடைக்கின்றன. அழகில் நைலான் அவற்றோடு போட்டியிட முடியாது. என்றாலும் கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். தாவரச் சாற்றால் பதனிட்ட தோலில் அமிலத்தன்மை இருக்கும். ஈரமும் சேர்ந்தால் முலாம் தேய்ந்த இடங்களில் பித்தளை பச்சை பூக்கும். தோல் வாரில் செருகி வைத்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறை பச்சையாவதும் இவ்வாறே. எங்கள் தேவாலய இசைக்குழுவில் யூஃபோனியம் என்ற பெரிய பித்தளைக் கருவியை வாசிக்கும் அண்ணன் ஒருவர், வாசித்து முடித்த கையோடு துடைக்காமல் தோல் பையில் போட்டுவிடுவார்; ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் புளியும் சாம்பலுமாகத் தேய்த்துக்கொண்டு நிற்பார். அந்தத் தேய்ப்பில் வெள்ளியும் போகிறது என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

நைலான் பையும் ஈரத்தைத் தானாகப் போக்கிவிடாது. ஜிப்பை மூடிவிட்டால் உள்ளே காற்றோட்டம் இல்லை. வாசித்தபின் வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஷாங்கின் உட்புறத்தையும் பருத்தித் துணியால் துடைத்து உலர்த்தியே வைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அறைக்கு ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டேன். இவ்வளவு வேலை எதற்கு, கருவியிலேயே செருகி வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள், ஒருமுறை அது உள்ளே இறுகிப்போய் இடுக்கியால் திருகி ஷாங்கையும் கருவியின் குழாயையும் சேர்த்து முறுக்கியவர்களைப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். அதற்கென்று தனியாக இழுப்பான் கருவி இருக்கிறது; இடுக்கி அதற்கானது அல்ல.

ட்ராம்போன் வாசிப்பவர்கள் இதே அளவை வாங்க வேண்டாம். அவர்களுடைய ரிம் ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் அகலம் இருப்பதால் அறைக்குள் நுழையாது. அவர்களுக்கென்று பெரிய அறைகள் கொண்ட பை தனியாக வருகிறது. ட்ரம்பெட் போன்ற கார்னெட் கருவியின் மவுத்பீஸ் நீளம் குறைவானது என்பதால் உள்ளே ஆழத்தில் போய்விடும், விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். அடியில் அதே ஸ்பாஞ்சை வைத்திருந்தால் நான்கரை கொடுத்திருப்பேன். அதற்கான செலவு பத்து ரூபாய்கூட ஆகியிருக்காது. ஜிப் எட்டாவது மாதத்தில் ஒரு மூலையில் சிக்கத் தொடங்கியிருக்கிறது. மெழுகுவத்தியைத் தேய்த்ததில் இப்போதைக்கு ஓடுகிறது.