பித்தளைத் தகட்டை நம்பி 1,35,000 ரூபாய் கொடுத்தேன்: பழைய ஆயில் இன்ஜின் வாங்கப் போகிறவர்களுக்கு

பெங்களூரில் சர்ஜாபூர், ஆனேக்கல் பக்கமிருந்து யாராவது கூப்பிட்டு, "தாத்தா காலத்து விவசாயச் சாமான் இருக்கு, வீட்டைக் காலி பண்றோம்" என்று சொன்னால், கிளம்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அப்படி ஒரு வீட்டில் நான் 1,35,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் இன்னும் திரும்பவில்லை.

எனக்கு இந்தப் பொருட்களின் மேல் ஆசை வந்த கதை சின்னது. காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் தாத்தாவின் கிணற்று மேட்டில், தண்ணீர் இறைக்கும் ஒரு லிஸ்டர் டீசல் இன்ஜின் இருந்தது. இரண்டு பக்கமும் பெரிய பிளைவீல். கோடை விடுமுறைக்குப் போனால் விடிகாலையில் அந்தச் சத்தத்தில்தான் கண் விழிப்போம். கரண்ட் மோட்டார் வந்ததும் அதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் சிமெண்ட் மேடை மட்டும் நான்கு போல்ட்டோடு இன்னும் நிற்கிறது. அதே மாதிரி ஒன்றை வாங்கி அந்த மேடையில் நிறுத்த வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு தெரிந்த ஒருவர் மூலம் வந்ததுதான் அந்த போன். பேசியவர் நல்ல தமிழ் பேசினார். ஓசூர் பக்கம் பூர்வீகம், அப்பா இறந்துவிட்டார், நிலத்தை லேஅவுட்டுக்குக் கொடுத்தாயிற்று, சாமான்களைத் தெரிந்தவர் கையில் கொடுக்கத்தான் ஆசை என்றார். லிங்கராஜபுரத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். ஷெட்டுக்குள் நுழையும்போதே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் பித்தளைத் தகடு: ஆர்.ஏ. லிஸ்டர், டர்ஸ்லி, இங்கிலாந்து. 6/1, 650 சுற்று. மேலே புதுப் பச்சை பெயிண்ட்.

"1925-ல எங்க தாத்தா மெட்ராஸ்ல வாங்கினது சார். நூறு வருஷம். வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் மூணு லட்சம் தர்றேன்னு நிக்கிறார், கப்பல்ல கொண்டு போகணுமாம். எனக்கு மனசு வரல. நம்ம ஆளுங்க கிட்ட இருக்கட்டும்."

1,80,000 கேட்டார். 1,35,000-க்கு இறங்கினார். 35,000 ஜிபே, மீதி 1,00,000 மறுநாள் ரொக்கம். ரசீது கேட்கவில்லை. அப்பாவை இழந்த வீட்டில் ரசீது கேட்பது மரியாதையில்லை என்று தோன்றியது.

டாட்டா ஏஸில் ஏற்றி வீட்டு முன்பக்கம் இறக்கினோம். மூன்று நாள் ஹேண்டில் போட்டுச் சுற்றியும் இன்ஜின் எடுக்கவில்லை.

எங்கள் அடுத்த தெருவில் ஒரு அண்ணன் இருக்கிறார், பொதுத்துறைத் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் ஃபிட்டராக வேலை பார்த்தவர். வந்து பார்த்தார். முதலில் தகட்டைத் தொட்டார். நான்கு மூலையிலும் ரிவெட் புதிது. நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார், பெயிண்டுக்கு அடியிலிருந்து புட்டி உதிர்ந்தது. அதற்குக் கீழே வேறு அளவுத் தகடு ஒன்று இருந்த பழைய துளைகள். அப்புறம் இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் கதவைக் கழற்றி உள்ளே கையைவிட்டு மூலையைத் துழாவினார். விரலில் வார்ப்பு மணல், அதாவது இரும்பை வார்க்கும் அச்சிலிருந்து சுத்தம் செய்யாமல் விட்ட மணல், ஒட்டி வந்தது.

"தம்பி, இது ராஜ்கோட் இன்ஜின்," என்றார்.

இதை விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த ஏமாற்று முழுக்க இங்கேதான் நிற்கிறது. லிஸ்டர் கம்பெனி இங்கிலாந்தில் குளொஸ்டர்ஷயரிலுள்ள டர்ஸ்லியில் 1867-ல் தொடங்கியது. நம் ஊர்க் கிணறுகளில் பார்த்த அந்தச் சாய்வில்லாத ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின் 1929-30 வாக்கில்தான் வந்தது. முதலில் 5 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 600 சுற்று, அப்புறம் 6 குதிரைத்திறன் 650 சுற்று. தகட்டில் 6/1 என்று இருப்பது 6 குதிரைத்திறன், 1 சிலிண்டர். ஆக, 1925-ல் தாத்தா வாங்கினார் என்று சொன்ன அந்த நிமிடமே பொய் வெளிப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அந்த ஆண்டு தெரிந்திருக்கவில்லை. வாங்கப் போகும் மாடல் எந்த ஆண்டு வந்தது என்ற ஒரே கேள்விக்கு முந்தின இரவு விடை தேடியிருந்தால் என் பணம் பிழைத்திருக்கும்.

அதே வடிவத்தில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஏராளமான பட்டறைகள் இன்ஜின் செய்தன. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ராஜ்கோட் இன்ஜினை நான் குறைத்துச் சொல்லவில்லை. எத்தனையோ நிலத்துக்குத் தண்ணீர் இறைத்த நல்ல இரும்பு அது. ஆனால் அதை டர்ஸ்லி என்று சொல்லி விற்பது திருட்டு.

அண்ணன் காட்டியவற்றை அப்படியே எழுதுகிறேன். அசல் லிஸ்டரில் பிளைவீலைத் தாங்கும் அச்சான கிராங்க் ஷாஃப்ட், உருளைகள் வைத்த டேப்பர் ரோலர் பேரிங்கில் சுற்றும். இதில் உருளை இல்லாத வெறும் உலோக வளையமான புஷ் இருந்தது. புஷ் இருந்தால் அசல் இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் ரோலர் இருப்பதாலேயே அசல் ஆகிவிடாது, ராஜ்கோட்டிலும் ரோலர் போட்டுச் செய்திருக்கிறார்கள். டீசல் பம்ப் ஆடுகோடி மைக்கோ கம்பெனியுடையது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அசல் இன்ஜினிலும் பழைய பம்ப் போய் மைக்கோ மாட்டுவது சகஜம். அடுத்து மரையைப் பார்த்தார். அந்தக் காலத்து இங்கிலாந்து இன்ஜினில் விட்வொர்த், பி.எஸ்.எஃப். என்ற அங்குல அளவு மரைதான் இருக்கும். இதில் கிராங்க் கேஸிலேயே இரண்டு இடத்தில் மில்லிமீட்டர் மரை. "போல்ட்டை எவன் வேணும்னாலும் மாத்தலாம். வார்ப்புல வெட்டின மரையை மாத்த முடியாது," என்றார். தகட்டு எண்ணுக்குப் பொருந்தும் எண் இரும்பில் எங்காவது குத்தியிருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார். எங்கேயும் இல்லை.

நான் போனபோது இன்ஜின் ஏன் ஓடிக்கொண்டிருந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. சூடான இன்ஜின் ஒரு சுற்றில் எடுத்துவிடும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் பலம், போன இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் எடுக்கவைப்பதுதான் கஷ்டம். நீங்கள் போகும்போது ஓடிக்கொண்டிருந்தால், நிறுத்தச் சொல்லி, இரும்பு நன்றாக ஆறும்வரை காத்திருந்து, நீங்களே ஹேண்டில் போடுங்கள். ஆறவிட மாட்டேன் என்றால் கிளம்பிவிடுங்கள். அந்த அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி பிளைவீலைக் கையால் சுற்றிவிட்டு லீவரை விட்டால், கம்ப்ரஷன் நன்றாக இருக்கிற இன்ஜினில் சக்கரம் தடுத்துப் பின்னால் துள்ளும். என்னுடையது சோம்பலாகத் தாண்டிப் போனது. புதுப் பெயிண்ட் அடித்த வார்ப்பைச் சின்னச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். விரிசலை வெல்டிங்கில் மூடியிருந்தால் சத்தம் அந்த இடத்தில் மொத்தையாகும். பெயிண்ட் புதிதாக இருப்பதே ஒரு கேள்விதான். வீட்டைக் காலி பண்ணுகிறவருக்கு இன்ஜினுக்குப் பெயிண்ட் அடிக்க ஏது நேரம்?

வெளிநாட்டுக்காரர் கதையைப் பற்றியும் சொல்கிறேன், இதை எல்லாரிடமும் சொல்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டம் நூறு வருடத்துக்குக் குறையாத பழமையுள்ள கைவினைப் பொருள்களையும் தொல்பொருள் வரையறைக்குள் கொண்டுவருகிறது. அப்படிப்பட்ட பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. அதை விற்கும் வியாபாரம் செய்ய உரிமமும் வேண்டும். "நூறு வருஷம்" என்றும் சொல்லி, "கப்பலில் போகுது" என்றும் சொன்னால், அங்கேயே சந்தேகப்படுங்கள். என் விஷயத்தில் இரண்டுமே பொய்.

அண்ணன் அடித்தட்டின் பெயிண்டைச் சுரண்டியபோது அடியில் வெள்ளை எழுத்து தெரிந்தது. தமிழில் இரண்டு இனிஷியலும் ஒரு ஊர்ப் பெயரும். ஓசூர் அருகே பேரிகைப் பக்கத்துக் கிராமம். அடுத்த ஞாயிறு இருவரும் போனோம். விசாரித்ததில் அரை மணி நேரத்தில் வீடு தெரிந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். போனில் இருந்த படத்தைக் காட்டினேன்.

"எங்க இன்ஜின்தான் தம்பி. பெரியவன் பொறந்த வருஷம் ஓசூர்ல வாங்கினாரு, எண்பத்தி மூணு. ராஜ்கோட் இன்ஜின்னுதான் சொல்வாரு. ராகிக்கும் கடலைக்கும் அதுலதான் தண்ணி. கிணறு வத்திப் போச்சு. போன வருஷம் ஒரு ஆளு வந்து எடைக்கு எடுத்துக்கிறேன்னான். பதினோராயிரம் குடுத்தான். பச்சை பெயிண்டா அடிச்சிருக்கான்?"

எவ்வளவுக்கு வாங்கினேன் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எங்ககிட்ட நேரா வந்திருந்தா ஆகாதா?" என்றார்.

அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. என்னிடம் 'வாரிசு' என்று பேசிய ஆள் அந்தக் குடும்பமே இல்லை. இவர்களிடம் எடைக்காரன், என்னிடம் தாத்தாவின் பேரன். உண்மையைச் சொல்லியிருந்தால், 1983-ல் வாங்கி ராகிக்குத் தண்ணீர் பாய்ச்சிய இன்ஜின் என்று சொல்லியே கேட்டிருந்தால், நான் சந்தோஷமாக நாற்பதாயிரம் கொடுத்திருப்பேன். அது அந்த அம்மாவின் கைக்குப் போயிருக்கும்.

விலை விஷயத்தில் நான் செய்த தவறு, விளம்பரங்களில் மற்றவர்கள் கேட்டிருந்த விலைகளை வைத்துக் கணக்குப் போட்டது. அது கேட்கும் விலை. அந்த விலைக்கு எது விற்றது என்று யாருக்கும் தெரியாது. இப்போது நான் கணக்குப் போடுவது கீழேயிருந்து. எடைமேடையில் நிறுத்தினேன், அடித்தட்டோடு 370 கிலோ. எங்கள் பக்கம் காயலான் கடையில் அன்று வார்ப்பிரும்பு கிலோ 32 ரூபாய் சொன்னார்கள். 11,840 ரூபாய். இது அடிமட்டம், இதற்குக் கீழே விற்பவர் ஏமாறுகிறார். அதற்கு மேல், ஓடுமா, ஓடினால் குளிர்ந்த நிலையில் எடுக்குமா என்று பார்த்து ஏற்றலாம். ஹேண்டில், டீசல் டேங்க், பெல்ட் புல்லி எல்லாம் அதனுடையதே இருந்தால் இன்னும் ஏற்றலாம், தனியாகத் தேடினால் இவை கிடைப்பது கஷ்டம். ராஜ்கோட்டுக்குப் போன் போட்டு அதே தினுசு புது இன்ஜின் விலை கேட்டேன். நான் கொடுத்ததில் பாதிகூட இல்லை. ஆக, பழைய ராஜ்கோட் இன்ஜினுக்கு அதுவே மேல்வரம்பு. அசல் டர்ஸ்லி என்றால் கணக்கு வேறு. ஆனால் அசல் என்பதற்கான சாட்சி இரும்பில் இருக்க வேண்டும், தகட்டில் மட்டும் இருந்தால் போதாது.

இப்படி வீட்டுக் கிணற்று மேட்டில் ஏதாவது கிடக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். எடைக்கு எடுக்கிறேன் என்று வருகிறவரிடம் அன்றே கொடுக்காதீர்கள். ஓடிய இன்ஜின் என்றால் எடை விலையைவிட நிச்சயம் கூடப் போகும். வாங்கிய பில், பழைய போட்டோ எது இருந்தாலும் இன்ஜினோடு சேர்த்து வையுங்கள்.

ரசீது கேட்காதது எனக்குப் பெரிய அடி. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 15-ஆம் பிரிவின்படி, ஒரு பொருளை இன்னது என்று விவரித்து விற்றால் பொருள் அந்த விவரிப்புக்குப் பொருந்தியாக வேண்டும். விற்பவர் வியாபாரியா, வீட்டுக்காரரா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. ஆனால் விவரித்தார் என்று காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு வாட்ஸ்அப் வரி கூட இல்லை, எல்லாம் போன் பேச்சு. வெள்ளைத்தாளில் "டர்ஸ்லியில் செய்த அசல் லிஸ்டர், எண் இன்னது, விலை இவ்வளவு" என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். கையெழுத்துப் போடத் தயங்குகிறவரிடம் வாங்கவே வேண்டாம். முழுப் பணத்தையும் வங்கி வழியாகவே கொடுங்கள். எனக்குச் சாட்சியாக நிற்பது அந்த 35,000 ஜிபே மட்டும்தான். அதை வைத்துத்தான் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த ஆளின் நம்பர் இப்போது அணைந்து கிடக்கிறது. ஆனால் போன வாரம் தெரிந்த ஒருவருக்கு வேறு நம்பரிலிருந்து அதே குரல், அதே அப்பா இறந்த கதையோடு வந்திருக்கிறது. இந்த முறை சின்னச் சாம்பல் நிற பெர்குசன் டிராக்டராம், 1940-ல் தாத்தா வாங்கியதாம். அந்தச் சாம்பல் டிராக்டர் கவென்ட்ரியில் 1946-ல்தான் செய்ய ஆரம்பித்தார்கள், 1956-ல் நிறுத்திவிட்டார்கள். டிராக்டர் மோட்டார் வாகனம், ஆர்.சி. புத்தகம் இல்லாமல், உரிமையாளர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்து இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. உங்களுக்கும் அந்த போன் வந்தால், முதலில் ஆர்.சி.யில் இருக்கும் பெயரைக் கேட்டு, அந்தப் பெயருக்குரிய வீட்டுக்கு நேரில் போய் விசாரியுங்கள்.