டெஸ்டிங் போன்: ஸ்பீடு டயலுக்கு ஒரு கும்பிடு, ரீடயலுக்கு ஒரு முழுக்கு

குடியாத்தத்தில் என்னைப் போலவே லேண்ட்லைன் போன்களின் லைன் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், "அண்ணே, நீங்க வச்சிருக்கிற டெஸ்டிங் போன் விலை இறங்கியிருக்காம், எடுக்கலாமா?" என்று கேட்டார். டெஸ்டிங் போன் என்பது லைன் கம்பியில் கிளிப்பால் மாட்டி, பேசிச் சோதிக்கும் கைப் போன். என்னுடையதற்கு அப்போதுதான் கிளிப் அடியில் ஒடிந்த வயரை மாற்றி வாங்கியிருந்தேன். பதில் ஒரு வரியில் அடங்காது என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன். டோன், பல்ஸ் என்ற இரண்டு டயல் முறையும் உண்டு, லைனைத் தொந்தரவு செய்யாமல் கேட்க மானிட்டர் ஸ்விட்ச் உண்டு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்குப் பேச வேண்டியது இரண்டு பட்டன்களைப் பற்றித்தான்: பதிந்து வைத்த நம்பரை ஒரே அழுத்தில் அடிக்கும் ஸ்பீடு டயல், கடைசியாக அடித்த நம்பரைத் திரும்ப அடிக்கும் ரீடயல்.

நல்லதை முதலில் சொல்கிறேன். சத்துவாச்சாரி பக்கம் ஒரு பழைய டிபி பாக்ஸைத் (கேபிளிலிருந்து வீடுகளுக்கு லைன் பிரியும் பெட்டி) திறந்தால், எந்த பேர் (ஒரு லைனுக்கான இரட்டைக் கம்பி) எந்த வீட்டுக்குப் போகிறது என்று எழுதியது எப்போதோ அழிந்திருக்கும். கிளிப்பை ஒரு பேரில் மாட்டி, முதலில் மானிட்டரில் வைத்துக் கேட்க வேண்டும். யாரும் பேசவில்லை, மோடம் இரைச்சலும் இல்லை என்றால் பேசுவதற்கான டாக்கில் போட்டு, ஸ்பீடு டயலின் முதல் மெமரி பட்டனை அழுத்துவேன். அதில் இருப்பது என் சொந்த செல்போன் நம்பர். சட்டைப் பையில் மணி அடிக்கும். அந்த லைனின் நம்பர் திரையில் வந்து நிற்கும். நான் எடுக்க மாட்டேன், ஆகவே யார் கணக்கிலும் கால் ஏறாது. அடுத்த பேர், அதே பட்டன்.

ஏணியில் நின்று வேலை செய்பவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஒரு கை கம்பத்தில், ஒரு கை போனில், கட்டை விரல் மட்டும்தான் சும்மா இருக்கிறது. மே மாத வேலூர் வெயிலில் வியர்த்த கையோடு பத்துப் பதினோரு எண்களை ஒவ்வொரு பேருக்கும் அழுத்திப் பாருங்கள். நடுவில் பக்கத்து லைனில் யாருக்காவது கால் வந்து விரல் செம்பில் பட்டால், மணி அடிக்க வைக்கும் 75 வோல்ட் ஏசி உலுக்கிவிடும். பாக்ஸுக்குள் கை இருக்கும் நேரம் குறைந்தாலே பெரிய நிம்மதி.

2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்கு அடிக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்று ஆனதே, அப்போது மெமரியை ஒருமுறை திருத்தியதோடு சரி, வேலை நின்றதில்லை. போன் விலை இந்த ஒரு பட்டனுக்கே தகும்.

அப்புறம் ரீடயல். இதை நினைத்தாலே கோபம் வருகிறது.

டயல் டோன் கேட்டுவிட்டால் லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஒரு எண்ணை அழுத்தினால் டோன் அறுபட வேண்டும். நான் 5 அழுத்துவேன். 770, 1336 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலியும் சேர்ந்து எக்ஸ்சேஞ்சுக்குப் போய், டோன் பட்டென்று நிற்கும். லைன்மேன் எல்லோருக்கும் கையில் ஊறிய பழக்கம் இது. இந்தப் போன் என்ன செய்கிறது தெரியுமா? அந்த ஒற்றை 5-ஐக் 'கடைசியாக அடித்த நம்பர்' என்று எடுத்துக்கொண்டு, அதற்கு முன் இருந்ததைத் தூக்கி எறிந்துவிடுகிறது.

வாடிக்கையாளர், "சென்னையில இருக்கிற பையன் நம்பருக்குப் போட்டா மட்டும் கரகரன்னு வருதுங்க" என்கிறார். அந்த நம்பரை அவர் வீட்டில் இந்த டெஸ்டிங் போனிலேயே அடித்துக் கேட்கிறேன். கரகரப்பு இருக்கிறது. டிபிக்குப் போய் அதே நம்பரை அடித்துப் பார்த்தால்தான் கோளாறு வீட்டுப் பக்கமா கேபிள் பக்கமா என்று தெரியும். ரீடயல் என்ற பட்டன் இருப்பதே இதற்குத்தானே! ஆனால் கிளிப் மாட்டி, டோன் அறுபடுகிறதா என்று பார்த்த நொடியில் பையன் நம்பர் போய்விட்டது. மூன்று எண்ணுக்குக் குறைவாக அழுத்தினால் சேமிக்காதே என்று உள்ளே ஒரு நிபந்தனை வைத்திருந்தால் தீர்ந்தது. செய்தவர்களில் ஒருவர்கூடக் கம்பத்தில் ஏறிப் பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

காந்தி ரோடு, பாபு ராவ் தெரு லாட்ஜுகளில் இன்னொரு தொல்லை. அங்கே ஈபிஏபிஎக்ஸ் (கட்டடத்துக்குள் இருக்கும் குட்டி எக்ஸ்சேஞ்ச்) வழியாக 0 அழுத்தி, வெளி லைன் டோன் வந்த பிறகு நம்பரை அடிக்க வேண்டும். நாம் காத்திருந்த அந்த இடைவெளி ரீடயலுக்கு ஞாபகம் இருப்பதில்லை. எல்லா எண்ணையும் மூச்சுவிடாமல் கொட்டுகிறது. வெளி டோன் வருவதற்குள் செல் நம்பருக்கு முன்னால் உள்ள 0 விழுங்கப்பட்டு, '0 சேர்த்து அடியுங்கள்' என்ற அறிவிப்பு வரும். பக்கத்தில் நிற்கும் மேனேஜர் லைனே கெட்டுவிட்டது என்று நினைக்கிறார். ஸ்பீடு டயலில் இந்தப் பிரச்சினை கிடையாது. பதியும்போது முதல் 0-வுக்குப் பிறகு இடைவெளி விடும் பாஸ் (pause) பட்டனை அழுத்தினால் நின்று நிதானமாகப் போகும். அந்த அறைகளில் தங்குபவர்கள் வங்காளம், ஜார்க்கண்ட் என்று எங்கிருந்தோ வைத்தியத்துக்கு வந்தவர்கள். நடுராத்திரி நோயாளிக்கு முடியாமல் போனால் மொழி தெரியாத ஊரில் அவர்கள் முதலில் எடுப்பது அந்த இன்டர்காமைத்தான். அங்கே ஒரு லைன் சரி என்று நான் சொன்னால் அது சரியாக இருந்தே ஆக வேண்டும்.

வயர் மாற்றக் கொடுத்த இடத்தில் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டார்கள், மெமரி மொத்தமும் காலி. நம்பர்களை நோட்டில் எழுதி வைத்திருந்ததால் பிழைத்தேன். ரிப்பேருக்குக் கொடுக்கும்போது இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு என் பதில்: எடுக்க வேண்டாம். ஸ்பீடு டயலை இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்றால், ஸ்பீடு டயல் வேறு போன்களிலும் கிடைக்கும். ஒழுங்கான ரீடயலும் சேர்ந்தே கிடைக்கும். ஏற்கெனவே வாங்கியவர்கள் ரீடயல் பட்டன் இருப்பதையே மறந்துவிடுங்கள். கடைசி மெமரியைக் காலியாக விட்டு, ஒவ்வொரு வீட்டிலும் வாடிக்கையாளர் சொல்லும் நம்பரை அதில் பதிந்த பிறகு டிபிக்குக் கிளம்புங்கள். 5 அழுத்தினாலும் அது அழியாது.