சுக்கு மல்லிக் காபி: ஒன்பது வருடம் வீட்டில் அரைத்த அனுபவம்

மிக்சியின் சின்ன ஜார் நேற்றுதான் பழுதுபார்க்கும் கடையிலிருந்து வீடு திரும்பியது. பிளேடும் புஷ்ஷும் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. கடைக்காரர் ஜாரை வாங்கி ஒருமுறை ஆட்டிப் பார்த்ததுமே, "சுக்கு அரைத்தீர்களாம்மா?" என்று கேட்டார். இது இரண்டாவது முறை. அன்று மாலையே அலுவலகத் தோழி ஒருத்தி, "அக்கா, சுக்குக் காபிப் பொடி கடையில் வாங்கலாமா, வீட்டில் அரைக்கலாமா?" என்று கேட்டாள். ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

எங்கள் வீட்டு அளவு: தனியா கால் கிலோ, சுக்கு நூறு கிராம், மிளகு இரண்டு மேசைக்கரண்டி, ஏலக்காய் பத்து. ஒன்பது வருடமாக இதுதான். தேயிலையோ காபிக்கொட்டையோ இல்லாததால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குடித்தாலும் தூக்கம் கெடுவதில்லை. கல்யாண வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்த இரவுகளில் இதன் அருமை தெரியும். அரைமணி நேரத்தில் உப்புசம் இறங்கிவிடும். ஐப்பசி மழையில் தொண்டை கட்டினால் இதமாக இருக்கும். சளியையே போக்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சளி தன் நாள்கணக்கு முடிந்துதான் போகிறது, அதுவரை உடம்புக்குத் தெம்பாக இருக்கிறது.

எல்லோரும் சுக்கையே புகழ்கிறார்கள். எனக்கென்னவோ இதில் பாதிப் பெருமை தனியாவுக்குச் சேர வேண்டும். வெறும் வாணலியில் மிதமான தீயில் வறுக்கும்போது, பச்சை வாசம் போய் ஆரஞ்சுத் தோல் போல ஒரு மணம் எழும். அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும். சுக்கின் காரத்தைத் தொண்டையில் குத்தாமல் பிடித்து வைப்பது அதுதான். இலங்கையில் தடிமன் (ஜலதோஷம்), காய்ச்சல் என்றால் கொத்தமல்லியை இஞ்சியோடு அவித்துக் கொடுப்பார்கள். அங்கே முதலிடம் மல்லிக்குத்தான்.

இனி சுக்கு. "சுக்குக்குப் புறம் நஞ்சு, கடுக்காய்க்கு அகம் நஞ்சு" என்பார் அம்மா. தோலைச் சீவாமல் சுக்கை அடுக்களைக்குள் விடமாட்டார். கடையில் வெள்ளை வெளேரென்று கிடைக்கும் சுக்கு சுண்ணாம்பு பூசியது; பூச்சி அரிக்காமல் இருக்கவும் பளிச்சென்று தெரியவும் அப்படிச் செய்கிறார்கள். அதைக் கத்தியால் சுரண்டினால் விரலெல்லாம் வெள்ளை மாவு, கண்ணில் எரிச்சல். பூசாத பழுப்புச் சுக்கைத் தேடி மூன்று கடை ஏறி இறங்குவேன். சீவியபின் இரும்பு உரலில் இட்டு இடிக்க வேண்டும். உடைந்த வாயில் தேங்காய் நார் போல இழை இழையாக நிற்கும். அந்த இழைதான் மிக்சிக்கு எமன். முழுத் துண்டைப் போட்டால் பிளேடு முட்டி நிற்கிறது, இடித்துப் போட்டாலும் நார் சுற்றிக்கொள்கிறது. மூன்று முறை சலித்த பிறகும் டம்ளர் அடியில் ஒரு வண்டல். ஒன்பது வருடமாக எனக்குத் தீராத எரிச்சல் இது ஒன்றுதான்.

ஆனால் அந்தக் காரத்துக்கு ஈடு இல்லை. இஞ்சி காயும்போது அதிலுள்ள 'ஜிஞ்சரால்' என்ற காரப்பொருள் நீரை இழந்து ஷோகால் என்ற வேறொரு பொருளாக மாறுகிறது. அதற்கு உறைப்பு அதிகம். பச்சை இஞ்சி நாக்கில் சுள்ளென்று பட்டு ஓடிவிடும், சுக்கு நெஞ்சில் இறங்கி நெடுநேரம் நிற்கும்.

கடைப் பொடிகளையும் வாங்கிப் பார்த்தேன். உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். எடையில் அதிகமான பொருளைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. நான் வாங்கிய ஒன்றில் முதலில் இருந்தது சர்க்கரை! சுக்கு மூன்றாவது இடத்தில். சுக்கின் பெயரைச் சொல்லி விற்கும் பொருளில் இது நியாயமே இல்லை. இன்னொன்றில் அதிமதுரம் தூக்கலாக இருந்தது. அதிமதுரம் அளவு மீறினால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் என் மாமியாருக்கு அதைக் கொடுக்கவில்லை.

கருப்பட்டி விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனாலும் சீனிப்பாகு கலந்த கட்டிகள் சந்தையில் தாராளமாகப் புழங்குகின்றன. தனியாகக் கரைத்து வடிகட்டித்தான் சேர்ப்பேன். அடியில் மணல் தங்கும். பால் வேண்டுமென்றால் அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள், கொதியில் ஊற்றினால் திரிந்துவிடும். சர்க்கரை நோயாளிகள் கருப்பட்டி என்பதற்காகத் தாராளமாகக் குடிக்கக் கூடாது. அதுவும் சர்க்கரைதான். என் அப்பா இனிப்பில்லாமல் குடித்துப் பழகிக்கொண்டார்.

இவ்வளவும் சொல்லிவிட்டுத் தோழிக்கு நான் கொடுத்த பதில்: வீட்டில் அரைக்காதே, கடையிலும் வாங்காதே. ஒரு பிடி தனியாவை வறுத்து ஒன்றிரண்டாக நசுக்கு, கட்டைவிரல் அளவு இஞ்சியைத் தட்டிப் போடு, இரண்டு டம்ளர் தண்ணீர் ஒன்றரையாகச் சுண்டட்டும். ஜாரைப் பழுதுபார்க்கச் செலவழித்த கையோடு வேறு எதையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அலமாரியில் மீதி இருக்கும் சுக்கை அம்மா ஊருக்குப் போகும்போது கொடுத்தனுப்பப் போகிறேன். அங்கே உரலும் உலக்கையும் இருக்கின்றன.