“எல்லா ஊசியும் போட்டாயிற்று” என்ற வாய்ச்சொல்லை நம்பிப் பன்றிக் குட்டி வாங்காதீர்கள்

வெண்பன்றி வளர்க்கத் தொடங்குபவர்கள் எனக்கு நேர்ந்த இழப்பைச் சந்திக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். சென்ற ஐப்பசியில், தாயிடமிருந்து பிரித்து ஒரு வாரமே ஆன 20 குட்டிகளை ஒரு வியாபாரியிடம் வாங்கினேன். எல்லா ஊசியும் போட்டாயிற்று என்றவர், அதற்கான சீட்டைப் பிறகு அனுப்புவதாகச் சொன்னார். எடை போடுவதற்கு முன் வயிறு புடைக்கத் தீவனமும் தண்ணீரும் கொடுத்திருக்கிறார் என்பது, மறுநாள் காலையில் ஒட்டிக் கிடந்த விலாக்களைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

மூன்றாவது வாரத்தில் சில குட்டிகள் பின்தங்கின. மற்றவற்றோடு தொட்டிக்கு ஓடி வந்தாலும் இரண்டு வாய் தின்றுவிட்டு ஒதுங்கி நின்றன. தோல் வெளிறி, முடி சிலிர்த்து, முதுகெலும்பு துருத்திக்கொண்டிருக்க, தலை மட்டும் உடலுக்குப் பொருந்தாமல் பெரிதாகத் தெரிந்தது. மருந்துக் கடைக்காரர் ஒரு குட்டியைக் கூடப் பார்க்காமல், குடற்புழுதான் என்று உறுதியாகச் சொல்லி, ஐந்து வாரம் ஆன்டிபயாடிக் ஊசியும் சத்து டானிக்கும் விற்றார். நான்கு மாத வயதில் நல்ல குட்டிகள் 40 கிலோவைத் தொட்டபோது, இவை 15 கிலோவைத் தாண்டவில்லை.

ஏழாவது குட்டி இறந்த பிறகே அரசு கால்நடை மருத்துவரை அழைத்தேன்; அந்தத் தாமதம் என்னுடையது. அவர் ஒரு குட்டியின் பின்னங்காலைத் தூக்கித் தொடை இடுக்கில் என் விரலை வைத்து அழுத்தச் சொன்னார்: நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிய ஒரு நிணநீர்க் கணு உருண்டது. 2020இல் இந்தியாவுக்குள் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, இறந்த குட்டியை அறுத்துப் பார்த்து ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினார். பன்றிகளைத் தாக்கும் சர்கோவைரஸ் என்ற வைரஸின் இரண்டாம் வகை என்று முடிவு வந்தது.

இந்த வைரஸ் பல பண்ணைகளில் நோய் காட்டாமலேயே இருக்கிறது என்பதால், வியாபாரி தெரிந்தே நோய்க் குட்டிகளைத் தள்ளிவிட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன “எல்லா ஊசியும்” வெறும் சாதாரணப் பன்றிக்காய்ச்சலுக்கான (ஆப்பிரிக்க வகை அல்ல) தடுப்பூசி ஒன்றுதான் என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார்; அது சர்கோவைரஸைத் தடுக்காது. அதற்கெனத் தனித் தடுப்பூசி இருக்கிறது, பெரும்பாலும் மூன்று வார வயதிலேயே போடப்படுகிறது. வைரஸ் குட்டியின் எதிர்ப்பாற்றலைக் குலைத்தபின் நுரையீரலிலும் குடலிலும் புகும் பாக்டீரியாக்களை ஆன்டிபயாடிக் ஓரளவு அடக்குமே தவிர, வைரஸை ஒன்றும் செய்யாது. சாதாரணக் கிருமிநாசினிக்கும் இது எளிதில் அழிவதில்லை என்பதால், கொட்டகையைக் காலியாக்கிக் கழுவி நீண்ட நாள் காயவிட நேர்ந்தது.

குட்டி வாங்கும்போது எந்த நோய்க்கு, எந்தத் தேதியில் ஊசி போடப்பட்டது என்பதை எழுத்தில் வாங்குங்கள். தீவனம் வைக்கும் முன் காலையிலேயே எடை போடச் சொல்லுங்கள். புதிய குட்டிகளை ஒரு மாதமாவது தனியே அடையுங்கள். அந்த வியாபாரி இன்றும் குட்டி விற்றுக்கொண்டிருக்கிறார். எனக்குத் தருவதாகச் சொன்ன சீட்டு இதுவரை வரவில்லை.