தூக்கு, மாம்பழப் பெட்டி, மண்பானை: வீட்டில் செய்த ப்ளூடூத் ஸ்பீக்கர்களின் சில வருட அனுபவம்

எங்கள் வீட்டில் செய்த ப்ளூடூத் ஸ்பீக்கர்கள் மூன்று. உள்ளே இருப்பது எல்லாவற்றிலும் ஒரே சரக்குதான்: ஒரு ப்ளூடூத் போர்டு, பிஏஎம் 8403 ஆம்ப்ளிஃபயர், பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த 18650 என்ற உருளை லித்தியம் செல், அதை சார்ஜ் செய்ய டிபி 4056 போர்டு, பழைய டிவியில் கழற்றிய ஸ்பீக்கர். ஆனால் சத்தம் மூன்றிலும் வேறு வேறு. செய்யப் போகிறவர்கள் போர்டைத் தேடி அலைவதில் பாதி நேரத்தை, இதையெல்லாம் அடைக்கும் கூட்டைப் பற்றி யோசிக்கச் செலவிடலாம் என்பேன்.

முதலில் எவர்சில்வர் தூக்கு. இரும்பாலை இருக்கும் சேலத்தில் இதைவிடப் பொருத்தமான கூடு உண்டா? பார்க்கவும் அழகு. ஆனால் மெல்லிய தகடு பாட்டோடு சேர்ந்து தானும் ரீங்கரிக்கும். உட்பக்கம் பழைய கம்பளித் துண்டை ஒட்டியதும் அது நன்றாகவே அடங்கியது. இன்னொன்று, உலோகம் ப்ளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மறைக்கும். அதனால் போர்டை உள்ளே வைக்காமல், மேலே போட்ட பிளாஸ்டிக் மூடியில் பொருத்தியிருக்கிறேன். சமையலறையில் செய்தி கேட்க, பேச்சு கேட்க இது போதும்.

மாம்பழப் பெட்டிப் பலகையில் செய்தது ஏற்காட்டில், பெரியம்மா வீட்டில் இருக்கிறது. கீழே சேலத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாமல் பாடிய பெட்டி அது. அங்கே சுமார் 1,500 மீட்டர் உயரம், மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே மூடுபனி. பலகை ஊறி உப்பியது, வெயில் வந்ததும் சுருங்கியது, மூலைகளில் இடைவெளி விட்டது. அந்த இடுக்கில் காற்று கசிந்ததும் பேஸ், அதாவது பாட்டின் கனமான கீழ் ஒலி, காணாமல் போனது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பிலும் பூஞ்சை. பிளாஸ்டிக் கூம்பு உள்ள பழைய கார் ஸ்பீக்கருக்கு மாற்றி, மூலைகளை ஃபெவிகால் வைத்து அடைத்து, உள்ளும் புறமும் வார்னிஷ் அடித்த பிறகு அடுத்த மழையைத் தாங்கிவிட்டது. மழை பிடித்தால் மலையில் கரண்ட் போவது சகஜம். அப்போது பெரியம்மாவுக்கு இதுதான் துணை.

என் மனசுக்குப் பிடித்தது மண்பானை. சுவர் கனம், அதனால் அதிர்வதில்லை.  காய்ந்த மண் ப்ளூடூத்தையும் தடுக்காது. வாயில் வட்டமாக வெட்டிய ப்ளைவுட், அதில் ஸ்பீக்கர், சுற்றி எம்-சீல். ஒயருக்குத் துளை போட, பானையை இரவு முழுக்க ஊற வைத்து, டைல்ஸ் பிட்டில் மெதுவாக, ட்ரில்லின் ஹாமர் மோடை அணைத்துவிட்டுப் போட வேண்டும். பிரிமணை மேல் உட்கார்த்தி வைத்து நாதஸ்வரக் கச்சேரி கேட்டால், தவிலின் தொப்பிப் பக்க அடி தனியாகக் காதில் விழும். இந்த விலைக்கு வேறெதிலும் நான் அதைக் கேட்டதில்லை.

சரி, உள்ளே கவனிக்க வேண்டியவை. பிஏஎம் 8403-இல் 3 வாட் என்று போட்டிருப்பது 5 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு. ஒற்றை செல்லின் 3.7 வோல்ட்டில் ஏறக்குறைய பாதிதான் வரும். ஒரு அறைக்குத் தாராளம், கல்யாண மண்டபத்துக்கு அல்ல. இரண்டு ஸ்பீக்கர் வைப்பதானால், இடது, வலது ஸ்பீக்கர்களின் மைனஸ் ஒயர்களை ஒன்றாக முறுக்கக் கூடாது, போர்டு போய்விடும். பாட்டுக்கு நடுவே கொர்ரென்று இரைச்சல் வந்தால், ப்ளூடூத் போர்டுக்கு மட்டும் பி0505 என்ற, உள்ளே வரும் மின்சாரத்தையும் வெளியே போவதையும் நேரடி இணைப்பில்லாமல் பிரித்து வைக்கும் மாட்யூல் வழியாக மின்சாரம் கொடுங்கள். என் மண்பானையில் இரைச்சல் அதோடு நின்றது.

லேப்டாப் செல்லில் 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது எதையும் தொடாதீர்கள். இரண்டை பேரலலாகச் சேர்ப்பதானால் வோல்ட்டேஜ் சமமாக இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். சித்திரை வெயில் படும் ஜன்னலோரம் சார்ஜ் போடவே வேண்டாம். 45 டிகிரிக்கு மேல் சூடானால் லித்தியம் செல்லுக்கு ஆபத்து. செல்லில் நேராக சால்டர் வைக்காமல் ஹோல்டர் போட்டுவிடுங்கள். பழைய செல் என்பதால் பாடும் நேரம் வருடா வருடம் குறையத்தான் செய்யும். நாங்கள் காசு கொடுத்து வாங்கிய ஸ்பீக்கர் ஒன்று, பேட்டரி செத்ததும் பிரிக்க வழியில்லாமல் குப்பைக்குப் போனது. ஹோல்டர் இருந்தால் டார்ச்சுக்கு மாற்றுவது போல மாற்றிவிடலாம்.