ஹைமர் 3டி சென்சர்: ஜீரோ எடுப்பதில் கூட்டல் கழித்தலை ஒழித்த கருவி

எங்கள் பட்டறையின் விஎம்சியில் (கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் செங்குத்து வெட்டு இயந்திரம்) ஓராண்டாக, ஸ்பிண்டிலில் (கட்டரைப் பிடித்துச் சுழற்றும் தண்டு) மாட்டும் டயல் கருவியான ஹைமர் 3டி சென்சரைக் கொண்டுதான் ஜாபுக்கு (வெட்டப்படும் பொருளுக்கு) ஜீரோ எடுக்கிறோம், அதாவது அளவுகள் தொடங்கும் இடத்தை இயந்திரத்துக்குச் சொல்கிறோம். முன்பு வைத்திருந்த 10 மி.மீ. விட்டமுள்ள எட்ஜ் ஃபைண்டரும் (விளிம்பைத் தொட்டறியும் உருளைக் கருவி) துல்லியமானதே. ஆனால் அது ஜாபைத் தொடும்போது ஸ்பிண்டிலின் மையம் 5 மி.மீ. வெளியே நிற்கும் என்பதால், அந்த ஆரத்தை ஒவ்வொரு முறையும் சரியான குறியோடு கன்ட்ரோலில் அடிக்க வேண்டும். ஓர் இரவு ஷிஃப்டில், இடப்பக்க முகத்தைத் தொட்ட பிறகு எக்ஸ்-5. என்பதற்குப் பதில் எக்ஸ்5. என்று அடித்து மெஷர் (அந்த இடத்தைப் பதியும் கட்டளை) கொடுத்துவிட்டேன். ஜி54, அதாவது ஜாபுக்குப் பதிந்த ஜீரோ, இடப்பக்கமாக 10 மி.மீ. நகர்ந்துவிட, சுவர் நிற்க வேண்டிய இடத்தில் கட்டர் இறங்கி, பாதி முடிந்திருந்த அலுமினிய பிளாக் வீணானது.

இந்தச் சென்சரில் அந்தக் கணக்கே இல்லை. ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டு, ஹேண்ட்வீலால் முகத்தை நோக்கி நகர்த்தினால், முனையிலுள்ள குண்டு தொட்டுச் சாய்ந்து, டயலின் இரு முட்களும் சுழியில் நிற்கும் கணத்தில் ஸ்பிண்டிலின் மையம் சரியாக அந்த முகத்தின்மேல் இருக்கும். எக்ஸ்0. அடித்தால் போதும், சுழிக்குக் குறி மாறாது, தசமப்புள்ளி விட்டுப்போனாலும் மதிப்பு மாறாது. இரண்டு வைஸ்களுக்கு (ஜாபை இறுக்கிப் பிடிப்பவை) ஜி54, ஜி55 என்று தனித்தனியாக எடுக்கும் நாள்களில் இதன் அருமை நன்றாகத் தெரிகிறது. மின்தொடர்பு தேவைப்படாததால் பிளாஸ்டிக் ஜாபிலும் இப்படியே எடுக்கலாம்.

இசட் அச்சில் மட்டும் கவனம் வேண்டும். சென்சரின் நீளத்தையும் ஒரு டூலின் நீளம்போல அளந்து, தனி ஹெச் எண்ணில் (டூல் நீளத்தைப் பதியும் எண்) ஏற்றி, அந்த நீளத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லும் ஜி43 கொடுத்த பிறகே மேல்முகத்தைத் தொட வேண்டும். பின்பக்கத்திலிருந்து ஒய் எடுக்கும்போது டயல் கண்ணுக்கு மறைவதால் ஸ்பிண்டிலைக் கையால் திருப்ப நேர்கிறது. ரன் அவுட்டை (திருப்பும்போது முனை மையத்திலிருந்து விலகுவதை) முன்கூட்டியே சரிசெய்திருந்தால்தான் அப்படித் திருப்பியும் அளவு மாறாமல் இருக்கும். முனை அளவுமீறி இடித்தால், உள்ளே இருக்கும் அமைப்பைக் காப்பதற்காகத் தானே உடையும்படி செய்திருக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால் புது முனை போட்டவுடன் ரன் அவுட்டையும் நீளத்தையும் மறுபடி பார்க்காமல் ஜாபைத் தொடக் கூடாது.

ஒரே ஃபிக்ஸரில் (ஜாபைப் பிடிக்கும் நிலையான அமைப்பில்) மாதக்கணக்கில் ஒரே ஜாப் ஓட்டுபவர்களுக்கு இது அவசியமில்லை. அங்கே ஜி54 மாறப்போவதில்லை. நாளுக்கு நான்கைந்து முறை செட்டிங் மாற்றும் பட்டறைகள் தயங்காமல் வாங்கலாம்.